ஐந்து கால் ஆட்டக்கா

மொக்தாரியாவின் அறைக்குப் பக்கத்து அறை பல் டாக்டருடையது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே வராந்தா, ஒரே வரிசை நாற்காலிகள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் மாணவர்களுக்கு, வலியை மறக்க வேடிக்கை பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது. ‘மனநல ஆலோசனை’ என்று பலகை மாட்டிய கதவின்மேல் யாராவது கை வைத்தால் போதும், அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பும். மதியச் சாப்பாட்டு வரிசை கலைவதற்குள் அந்த ஆளின் பெயர் வளாகம் முழுக்க ஒரு சுற்று வந்துவிடும். மாணவர்கள் அந்த அறைக்கு வைத்திருந்த பெயர் ‘கழண்ட கேஸ் ரூம்’.

அதனால் யாரும் வருவதில்லை. வந்தவர்களும் பரீட்சைக்குப் போகாமலிருக்கச் சான்றிதழ் கேட்டு வந்தவர்கள், இல்லாவிட்டால் பல் டாக்டர் எங்கே என்று விசாரித்தவர்கள்.

அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரகமில்லை மொக்தாரியா. கடலோர நகரமான மொஸ்தகானெமில், துறைமுகத்துக்கு மேலே திஜ்தித் மேட்டில் பிறந்தவள். அப்பா மத்தி மீன் பெட்டிகளை லாரியில் ஏற்றும் வேலை பார்த்தார். வீடு நிறையப் பிள்ளைகள். அத்தனை பேரும் தங்கள் சண்டையையும் காதலையும் இவளிடம்தான் வந்து கொட்டுவார்கள். “இவளுக்கு ஆண்டவன் வாயைச் சின்னதாவும் காதைப் பெருசாவும் வெச்சுட்டான்” என்பாள் அம்மா. பார்மசி படிக்க மதிப்பெண் போதவில்லை. மனோதத்துவம் கிடைத்தது. சில வருடம் ஆரம்பப் பள்ளியொன்றில் வேலை பார்த்துவிட்டு இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆலோசகராக மாற்றலாகி வந்தாள். கணவன் ஹுவாரி ஃபிரிஜ் மெக்கானிக். இரண்டு பெண் பிள்ளைகள். நாற்பதைத் தாண்டிய, கொஞ்சம் பருத்த, சிரிக்கும்போது தோள் குலுங்குகிற பெண்மணி.

வருடத்துக்கு ஒரு நாள் அவளுக்குக் கூட்டம் சேரும். அக்டோபரில் மனநல தினம். பெரிய அரங்கில் யாரோ ஒரு பேராசிரியர் பேசுவார். தலைநகரிலிருந்து சுவரொட்டிகள் வரும். அவற்றில் எப்போதும் ஒரு மண்டை, மண்டைக்குள் பற்சக்கரங்கள். கடைசியில் கேக் கொடுப்பார்கள். கேக்குக்காக வந்த கூட்டம் கேக்கோடு கலைந்துவிடும்.

அந்த வருடம் சுவரொட்டி வரவில்லை. மாணவர் நலத்துறை இயக்குநர் பெனவ்தா அவளைக் கூப்பிட்டார். கழுத்துப் பட்டை எப்போதும் இறுக்கமாக இருக்கும் மனிதர். எதைச் சொன்னாலும் பாதி கண் கைக்கடிகாரத்தின்மேல் இருக்கும்.

“நீங்களே ஏதாவது வரைஞ்சு ஒட்டிடுங்க மேடம். மூளை மாதிரி ஏதாவது.”

“எனக்கு வரைய வராது சார்.”

“மூளைதானே? கோணல்மாணலாத்தான் இருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?”

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில், சின்ன மகளின் ஸ்கெட்ச் பேனாக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளை வேண்டாமென்று பட்டது. மழையில் பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்கும் ஒரு பெண்ணை வரைய நினைத்தாள். முதுகில் பை, கையில் குடை, குனிந்த தலை. ஆனால் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தலை முன்னால் நீண்டது. முக்காட்டின் நுனிகள் இரண்டு பக்கமும் காதுகளாகத் தொங்கின.

ஹுவாரி கை கழுவிவிட்டு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

“யார் வீட்டு ஆடு இது?”

“ஆடு இல்ல. பொண்ணு.”

“பொண்ணா? சரி. பொண்ணுக்கு ஏன் அஞ்சு கால்?”

“அது குடை.”

ஹுவாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் சிரிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் ஓடி வந்து பார்த்துவிட்டு அவர்களும் ஆடு என்றார்கள். மொக்தாரியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்ப வரையப் பொறுமை இல்லை. கீழே ‘உங்களுக்கு எப்படி இருக்கிறது?’ என்று எழுதினாள். மறுநாள் காலையில் நிறையப் பிரதிகள் எடுத்தாள்.

அறிவிப்புப் பலகைகளில் இடமே இல்லை. பரீட்சை அட்டவணைகளும் டியூஷன் விளம்பரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெண்கள் கழிப்பறைகளின் கதவுகளில் உட்பக்கமாக ஒட்டலாம் என்று யோசனை சொன்னது பத்ரா. பல் டாக்டரின் உதவியாளர். மொக்தாரியாவோடு காபி குடிப்பதற்கென்றே வேலைக்கு வருகிறாளோ என்று சொல்லும்படியான சிநேகிதி.

“அங்கதான் ஒருத்தரும் அவசரமா எழுந்து ஓட மாட்டாங்க. உன் ஆட்டைப் பாத்துத்தான் ஆகணும்” என்றாள் பத்ரா. இருவருமாகப் போய் ஒட்டிவிட்டு வந்தார்கள்.

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் தொடங்கின. மதியம் மொக்தாரியா அந்தப் பக்கம் போனவள் கதவைத் தாழிட்டுவிட்டு நிமிர்ந்தால், ஆட்டைச் சுற்றி எழுத்து.

‘இந்த ஆடு எந்த பஸ்ஸுக்கு நிக்குது?’

‘நம்ம பஸ்ஸுக்குத்தான். அதான் இன்னும் நிக்குது.’

‘பாவம், ரிசல்ட் பாத்திருக்கும்.’

‘ஆட்டக்கா, அழாதீங்க. மறு பரீட்சை இருக்கு.’

அவற்றுக்கெல்லாம் கீழே, பென்சிலில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில்: ‘ஆட்டக்கா ஒரு மாசமா சரியா தூங்கல. யார்கிட்டயும் சொல்லல.’

அதன் கீழே வேறொரு கை: ‘நானும்தான்.’ அதற்கும் கீழே இன்னொன்று: ‘நானும்.’

மொக்தாரியா அந்த மூன்று வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வெளியிலிருந்து கதவைத் தட்டினார்கள்.

“உள்ள யாரு? உயிரோட இருக்கீங்களா?”

“இருக்கேம்மா, இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தவளுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. இத்தனை வருடமாக அறையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தும் ஒருவர் வாயிலிருந்தும் வராத பேச்சு, ஒரு அசட்டு ஆட்டின் பெயரில் வந்துவிட்டது. எனக்குத் தூக்கமில்லை என்று எழுத யாருக்கும் கை வராது. ஆட்டுக்குத் தூக்கமில்லை என்று எழுதலாம்.

அடுத்த வாரம் மறுபடி வரைந்தாள். இந்த முறை ஆடென்றே நினைத்து வரைந்தாள். ஐந்தாவது காலை விட்டுவிட்டாள். கதவில் கண்டனம் எழுந்தது: ‘எங்க ஆட்டக்காவோட காலை யார் வெட்டினது?’ மறுவாரமே காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வி. ஆட்டக்கா படுத்தால் என்ன யோசிக்கிறாள்? வீட்டுக்குப் போன் பேசும்போது எதைச் சொல்லாமல் விடுகிறாள்? கதவின் கொக்கியில் நூல் கட்டி ஒரு பேனாவையும் தொங்கவிட்டாள்.

பேனா சும்மா தொங்கவில்லை. ரூமில் நாலு பேர் இருக்காங்க, ஆட்டக்கா மட்டும் தனியா இருக்கா, என்று ஒருத்தி எழுதினாள். ஆட்டக்காவுக்கு நிச்சயம் ஆயிருச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், அவளைத் தவிர, என்று இன்னொருத்தி. அதற்குப் பதிலாக, ‘மாப்பிள்ளை கிடாவா? ஓடிடு அக்கா!’ என்று யாரோ கிண்டலடித்திருந்தார்கள். அந்தக் கிண்டலுக்கு அடியிலேயே முதல் கை, ‘மூணு வாரத்துல இன்னைக்குத்தான் சிரிச்சேன்’ என்று எழுதியிருந்தது. மொக்தாரியா பச்சை மையில் சின்னச் சின்னப் பதில்கள் எழுதினாள். நெஞ்சு படபடக்கும்போது மூச்சை எப்படி விடுவது, எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும், எதற்கு ஒரு தோழி போதும். உபதேசம் தட்டுகிற இடத்தில் பெண்கள் விடவில்லை. ‘பச்சை மை, நீட்டாதீங்க, வெளிய க்யூ நிக்குது’ என்று எழுதிவிட்டார்கள்.

பத்ரா தினமும் புதுச் செய்தியோடு வருவாள். “ரெண்டாவது மாடில ஆட்டக்காவுக்கு ஸ்வெட்டர் போட்டு விட்டிருக்காங்க. மழைக்கு நனையுதாம்.”

ஒரு நாள் வராந்தாவில் பல்வலிக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், ஒரு பெண் எவரையும் சட்டை செய்யாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். விரல்களில் சாயக் கறை. பெயர் நிஹால். ஓவியப் பிரிவில் கடைசி வருடம்.

“அந்த ஆட்டை வரையறது யாருன்னு தெரியணும்.”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சா? முட்டி பின்பக்கமா மடங்குது. கண்ணு ரெண்டும் ஒரே பக்கம். வளாகத்துல ஓவியப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கறப்போ கதவுக்குக் கதவு இந்தக் கண்ணராவியைப் பாக்கணுமா? யார் அது?”

“நான்தான்” என்றாள் மொக்தாரியா.

நிஹால் நின்றபடியே கொஞ்சம் விழித்தாள். “மன்னிச்சுக்குங்க மேடம். ஆனா நிஜமாவே மோசமா இருக்கு.”

“எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் ஆறு மாசத்துக்குச் சிரிக்கறதுக்கு வெச்சிருக்கார். நீ வரைஞ்சு தர்றியா?”

நிஹால் வரைந்து தந்தாள். மெல்லிய கால்கள், காற்றில் சிலிர்க்கும் ரோமம், ஈரம் மின்னும் கண். நிஜ ஆட்டைவிட அழகான ஆடு. அந்த வாரம் கதவுகளில் அதைத்தான் ஒட்டினார்கள். வாரம் முடிந்து போய்ப் பார்த்தால் பேனாக்கள் நூலில் ஆடாமல் தொங்கின. ஒரே ஒரு கதவில் மட்டும், ‘மாஷா அல்லாஹ், ரொம்ப அழகு’ என்று எழுதியிருந்தது.

நிஹால் மறுபடி வந்தாள். இந்த முறை கதவை மெல்லத் தட்டிவிட்டு.

“ஏன் மேடம் ஒருத்தரும் எழுதல?”

“தெரியலம்மா. இவ்வளவு அழகா இருக்கற ஆட்டுக்கு என்ன கஷ்டம் இருந்துடப் போகுதுன்னு நினைச்சிருப்பாங்களோ என்னவோ.”

மொக்தாரியா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் நிஹால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சாயக் கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, “என்னையும் அப்படித்தான் மேடம் சொல்றாங்க” என்றாள்.

போன குளிர்காலத்திலிருந்து அவளால் ஒரு படத்தையும் முடிக்க முடியவில்லை. ஆரம்பிப்பாள், பாதியில் துணி போட்டு மூடிவிடுவாள். ஆசிரியர்கள் உனக்கென்னம்மா என்கிறார்கள். சொந்த ஊர் ரெலிஸானில் அப்பா தன் மளிகைக் கடையில் அவள் வரைந்த படமொன்றைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். அடுத்த படம் அதைவிடக் கீழே போய்விடுமோ என்ற பயத்தில் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறாள். அந்த ஆடுதான் இத்தனை மாதத்தில் அவள் முடித்த முதல் படம்.

“ஆடு நல்லா இல்லன்னு திட்டத்தான் வந்தேன்” என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

“நல்ல வேளை நான் மோசமா வரைஞ்சேன்” என்றாள் மொக்தாரியா.

அதற்குப் பிறகு நிஹால் வாராவாரம் வந்தாள். கேட்பவர்களிடம் ஆட்டு விஷயமாகப் போகிறேன் என்பாள். ஒப்பந்தம் இப்படி முடிவாயிற்று. மழை, பஸ் நிறுத்தம், பரீட்சை அரங்கு, விடுதியின் இரண்டடுக்குக் கட்டில் எல்லாம் நிஹால் வரைவாள். நடுவில் ஆட்டுக்கு இடம் விட்டுவிடுவாள். ஆட்டக்காவை மொக்தாரியாதான் வரைய வேண்டும். அருமையான ஒரு மழைக்கு நடுவில் அந்தக் கோணல் ஆடு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பும் வரும், கொஞ்சம் வேறெதுவோகூட வரும். பேனாக்கள் மறுபடி ஆடத் தொடங்கின.

டிசம்பரில் ஒரு நாள் பத்ரா காபியில்லாமல் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. “மூணாவது மாடி, கடைசிக் கதவு. போய்ப் பாரு.”

அதே எறும்பு எழுத்து. ‘ஆட்டக்காவுக்கு இனிமே கண்ணு முழிக்கவே வேண்டாம்னு இருக்கு.’

மற்ற வரிகளோடு சேர்த்துப் படித்துவிட்டுப் போகிற வரி இல்லை இது.

“விடுதில வருகைப் பதிவு இருக்கும். கையெழுத்தை ஒத்துப் பாத்தா புடிச்சிடலாம்” என்றாள் பத்ரா.

“புடிச்சா என்ன ஆகும்? நாலு பேர் போய் அவ கட்டிலைச் சுத்தி நிப்பாங்க. நாளைக்கு எவளும் ஒரு எழுத்து எழுத மாட்டா. அவளும் வாயைத் திறக்க மாட்டா.”

“அப்போ சும்மா இருக்கப் போறியா?”

“சும்மா இருக்க முடியுமாடி?”

எல்லாக் கதவுகளிலும், ஒன்று விடாமல், அவளே போய்ப் பச்சை மையில் பெரிதாக எழுதினாள். ‘ஆட்டக்கா, நான் மொக்தாரியா. நீ எழுதியதைப் படித்தேன். எழுதினது ரொம்ப நல்லது. இது என் போன் எண், எந்த நேரமும் கூப்பிடலாம். இன்றைக்கும் நாளைக்கும் மதியம் நூலகத்துக்குப் பின்னால் கல் பெஞ்சில் இருப்பேன். கரன்திகா கொண்டு வருவேன். பேச வேண்டுமென்று இல்லை. வந்து உட்கார்ந்தால் போதும்.’

முதல் நாள் யாரும் வரவில்லை. கடற்காற்று ஊளையிட்டது. சுடச்சுட வாங்கி வந்த கரன்திகா, கடலைமாவும் சீரகமும் மணக்க மணக்க, ரொட்டிக்குள்ளேயே ஆறிப் போயிற்று. மொக்தாரியா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போன பிறகும் ஒவ்வொரு மணியோசைக்கும் ஓடினாள். ஹுவாரி அன்று ஆட்டைப் பற்றி ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. பாத்திரங்களைக் கழுவி வைத்தான்.

இரண்டாம் நாள் முதலில் வந்தது நிஹால். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு விடுதியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களை மொக்தாரியா பார்த்ததே இல்லை. அப்புறம் சட்டப் படிப்புப் பெண்கள் ஒரு கும்பலாக வந்தார்கள். வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வேதியியல் பெண்கள் வந்தார்கள். பெஞ்சில் இடமில்லாமல் ஈரப் புல்லில் புத்தகத்தைப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆளாளுக்கு ஒரு ரொட்டி கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி தட்டு நிறையப் பேரீச்சம்பழம்.

“என்னம்மா இது, ஊரே திரண்டு வந்திருக்கு?” என்று கேட்டாள் மொக்தாரியா.

சட்டப் படிப்புப் பெண்ணொருத்தி தோளைக் குலுக்கினாள். “ஆட்டக்கா யாருன்னு எங்களுக்குத் தெரியாது மேடம். அவ மட்டும் தனியா வந்து உக்காந்தா எல்லாரும் பாப்பாங்கல்ல? அதான் நாங்களும் வந்துட்டோம். இப்போ யாரைன்னு பாப்பாங்க?”

மொக்தாரியா கரன்திகாவைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள்.

பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. விடுதிச் சாப்பாட்டைத் திட்டினார்கள். ஒருத்தி தன் பேராசிரியர் தும்முவதைப் போல் நடித்துக் காட்டினாள். “அக்கா, உன் ரொட்டியில ஹரிஸ்ஸா காரம் இருக்கா? குடு இங்க, இது மசூதிச் சுவர் மாதிரி வெள்ளையா இருக்கு” என்று ஒருத்தி பக்கத்தவளிடம் பிடுங்கினாள். வகுப்பு நேரம் வந்ததும் புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

உயரமான ஒரு பெண் மட்டும் கிளம்பாமல் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். மடிக்க இனிமேல் ஒன்றுமில்லை என்று ஆனதும் நிமிர்ந்தாள்.

“மேடம், மூணாவது மாடி, கடைசிக் கதவு. அது நான்தான்.”

“சரிம்மா” என்றாள் மொக்தாரியா. “உக்காரு. பேர் என்ன?”

தொர்க்கியா. எல் பயாத் பக்கத்து மேய்ச்சல் வெளியிலிருந்து மண்ணியல் படிக்க வந்தவள். கடலை அதற்கு முன் பார்த்ததில்லை. இங்கே வந்த பிறகும் பார்க்கப் பிடிக்கவில்லை. நடுவில் விட்டு விட்டு, நெடுநேரம் பேசினாள். அன்றைக்குக் காலையில் எழுந்திருக்கவே மனமில்லாமல் படுத்திருந்ததாகவும், அறைத் தோழி, “ஆட்டக்காவுக்காக எல்லாரும் போறோம், நீயும் வா, ஒரு ஆள் கூடுதலா இருந்தா நல்லது” என்று கையைப் பிடித்து இழுத்து வந்ததாகவும் சொன்னாள். தான் இழுத்து வந்தது ஆட்டக்காவைத்தான் என்று அந்தத் தோழிக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது தொர்க்கியாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

அன்று சாயங்காலமே மொக்தாரியா தனக்குத் தெரிந்த மனநல மருத்துவரிடம் அவளை அழைத்துப் போனாள். தொர்க்கியா ஒப்புக்கொண்ட பிறகு, ஊரிலிருந்த அவள் அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா அடுத்த பஸ்ஸைப் பிடித்து, ஒரு டப்பா ஆட்டு வெண்ணெயோடு வந்து இறங்கினாள். அவள் தேறி வரச் சில மாதங்கள் ஆயின. சில வாரங்கள் முன்னால் போவதும் பின்னால் போவதுமாக இருந்தது. மாத்திரை, வாரம் ஒரு முறை பேச்சு, அறைத் தோழியின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்து இழுத்து வந்தன. வசந்தம் வந்தபோது தொர்க்கியா தன் வகுப்போடு மலைப்பக்கம் கற்கள் பொறுக்கப் போனாள்.

கல் பெஞ்சுக் கூட்டம் மட்டும் கலையவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் நடந்தது. பையன்கள் பொறாமைப்பட்டார்கள். “எங்களுக்கு மட்டும் ஏன் ஆடு இல்ல? நாங்க மட்டும் தூங்கறோமா?” என்று ஒருவன் வராந்தாவிலேயே வைத்துக் கேட்டான். பல்வலியோடு காத்திருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று முனகினார்கள். ஆண்கள் கழிப்பறையில் கொம்பு வைத்த ஆட்டண்ணன் வந்து சேர்ந்தான். ஆட்டண்ணனுக்கு முதல் வாரம் வெறும் கெட்ட ஜோக்குகள்தான் கிடைத்தன. இரண்டாம் வாரம், ‘ஆட்டண்ணன் அப்பா செத்து ஒரு வருஷமாச்சு, இன்னும் அழல’ என்று ஒரு வரி. அதற்குப் பிறகு ஜோக்குகளும் மற்றவையும் கலந்தே வந்தன.

எல்லாம் பெனவ்தாவின் கண்ணில் படாமலே நடந்துகொண்டிருந்தது. அமைச்சகத்திலிருந்து பார்வையாளர்கள் வரப்போகிறார்கள் என்றதும் அவர் கட்டடம் கட்டடமாகச் சுற்றிப் பார்த்தார். அன்றைக்கு மொக்தாரியாவுக்கு அழைப்பு வந்தது.

“மேடம், நான் உங்களை மூளை வரையச் சொன்னேன்.”

“கிட்டத்தட்ட வந்துட்டேன் சார்.”

“கழிப்பறைக் கதவு பூரா ஆடு! ஒரு ஆட்டுக்கு ஸ்வெட்டர் வேற! பார்வையாளர்கள் வந்து பாத்தா என்ன சொல்வாங்க?”

“பேனா கேப்பாங்க சார்.”

பெனவ்தா கடிகாரத்தைப் பார்த்தார். கடற்காற்றில் அந்த மரக் கதவுகள் எப்படியும் ஊதிப் போயிருந்தன. அலுமினியக் கதவுகள் வந்து கிடங்கில் இருக்கின்றன. நாளைக்கே மாற்றச் சொல்லிவிட்டேன், பழையது குப்பைக்கு, என்றார்.

மொக்தாரியா கொஞ்சம் யோசித்தாள். “அந்தப் பழைய கதவுங்களை எனக்குக் குடுத்துடறீங்களா சார்?”

“கழிப்பறைக் கதவை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?”

“முற்றத்துல நிக்க வெக்கப் போறேன்.”

வேண்டாமென்று சொல்ல அவருக்குச் சட்டென்று காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஹுவாரி தன் சிநேகிதனின் பட்டறையில் இரும்புத் தாங்கிகள் செய்து கொண்டுவந்தான். நிஹாலும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் கதவுகளைக் கழுவித் துடைத்து, எழுத்து அழியாமல் வார்னிஷ் பூசினார்கள். மார்ச் மாதம், வெயில் நன்றாக விழுந்த ஒரு காலையில், நூலகத்துக்கும் அரங்குக்கும் நடுவிலிருந்த முற்றத்தில் அந்தக் கதவுகள் சுவரே இல்லாமல் நின்றன. ஆண்கள் பக்கத்துக் கதவுகளும் கலந்து. தாழ்ப்பாள்கள்கூட அப்படியே இருந்தன.

வகுப்புக்குப் போகிறவர்கள் நடுவில் புகுந்து போனார்கள். போனவர்கள் வெளியே வர நேரம் பிடித்தது. தான் எழுதிய வரியைத் தேடுகிறவர்கள், அதற்கு வந்த பதிலைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள். பையன்கள் முதன்முறையாக ஆட்டக்காவைப் படித்தார்கள், பெண்கள் ஆட்டண்ணனை. ‘இவனுங்களும் அழுவானுங்களா?’ என்று ஒருத்தி ஆச்சரியப்பட்டாள். கதவுகளின் வெளிப்பக்கம் வெறுமையாக இருந்தது. மதியத்துக்குள் அங்கேயும் எழுத்து ஏறிவிட்டது. பேராசிரியர்கள் வேறு எழுதினார்கள். ‘ஆட்டுச் சார் பாடம் நடத்தறதுக்கு முன்னாடி தினம் வாந்தி எடுக்கிறார்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, அது யாரென்று தெரியாத மாணவர்கள் கொஞ்ச நாளைக்கு எல்லா ஆசிரியர்களிடமும் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

பெனவ்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கதவாக, மேலிருந்து கீழ்வரை, கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படித்தார். கடைசியில் மொக்தாரியாவின் பக்கம் வந்தார்.

“நிறைய பேர் ஒண்ணையே எழுதியிருக்காங்க. பல் டாக்டர் க்யூவைத் தாண்டி உங்க ரூமுக்கு வர முடியலன்னு. இதை ஏன் எங்கிட்ட சொல்லல?”

“மூணு தடவை எழுதிக் குடுத்தேன் சார்.”

பெனவ்தா இருமினார். “நூலகத்துக்குப் பின்னால, தோட்டத்துப் பக்கம், ஒரு ரூம் சும்மா கிடக்கு. பழைய வரைபடம் வெச்சிருக்கோம். பாக்கறீங்களா?”

பார்த்தாள். இரண்டு வாசல் உள்ள அறை. ஒன்று புத்தக அலமாரிகளுக்கு நடுவே திறந்தது, இன்னொன்று தோட்டத்துக்கு. யாரும் யாரையும் பார்க்காமல் உள்ளே வரலாம், வெளியே போகலாம். வரைபடங்களை வெளியே எடுத்து வைத்த வாரத்திலேயே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் அவளால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. இன்னொரு ஆலோசகர் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் பெனவ்தா அதைத் தானே கையில் எடுத்துக்கொண்டு அலைகிறார் என்று கேள்வி. பத்ராதான் சோர்ந்து போனாள். காபிக்கு இப்போது அவள் தோட்டம் வரை நடக்க வேண்டியிருக்கிறது.

நிஹால் பட்டம் வாங்கினாள். இறுதிக் கண்காட்சிக்கு அவள் வைத்தது துணி போட்டு மூடியிருந்த அத்தனை அரைகுறைப் படங்களையும். ஒன்றையும் முடிக்கவில்லை. அவள் அப்பா ரெலிஸானிலிருந்து வந்து ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இது என்னம்மா, இது என்னம்மா என்று கேட்டார். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். இப்போது ரெலிஸானிலேயே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. சனிக்கிழமைகளில் தனக்கென்று வரைகிறாளாம். சிலது முடிகிறதாம்.

சென்ற மாதம் சீதி பெல் அப்பெஸ் நகரத்துப் பல்கலைக்கழகம், ஆட்டக்காவைப் போல் தங்களுக்கும் ஒன்று தொடங்கித் தரச் சொல்லி மொக்தாரியாவைக் கூப்பிட்டது. ஷேர் டாக்ஸியில் நான்கு அந்நியர்களோடு நெருக்கி உட்கார்ந்து போய்ச் சேர்ந்தாள். அங்கே எல்லாம் தயாராக இருந்தது. வட்டமாக நாற்காலிகள், நல்ல காகிதம், நல்ல சாயம். அவர்களின் ஓவிய ஆசிரியர் ஏற்கெனவே ஒரு மானை அற்புதமாக வரைந்து வைத்திருந்தார்.

மொக்தாரியா அதைப் பார்த்து மனசாரப் பாராட்டினாள். பிறகு வட்டத்தைப் பார்த்து, “உங்கள்ல வரையவே வராதவங்க யாரு?” என்று கேட்டாள்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வழுக்கைத் தலைக் கணிதப் பேராசிரியர் கையைப் பாதி தூக்கினார்.

“எனக்கு வட்டம்கூட வராதுங்க. போர்டுல போட்டா பசங்க உருளைக்கிழங்குன்னு சொல்றாங்க.”

“வாங்க சார்” என்று ஸ்கெட்ச் பேனாவை நீட்டினாள் மொக்தாரியா.

அவர் நாக்கைத் துருத்திக்கொண்டு வெகு சிரத்தையாக வரைந்தார். முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தார். ஒட்டகம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்ததாகச் சொன்னார். தேநீர்க் கெண்டி என்றார்கள் சிலர். இல்லை, மூக்கு உடைந்த பூனை என்றார்கள் சிலர். கெண்டிக்கு எதற்கு வால் என்று ஒரு மாணவி கேட்க, அறை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. ஓவிய ஆசிரியரும் தன் மானை மறந்து சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து, கீழே எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டான்.

மொக்தாரியா மெல்ல எழுந்து வெளியே வந்தாள். டாக்ஸி நிலையத்துக்குப் போகும் வழியில் ஹுவாரிக்குப் போன் செய்து, மத்தி மீனை வாங்கிச் சுத்தம் பண்ணி வை, வந்து பொரிக்கிறேன், பசி உயிர் போகிறது என்றாள்.